சாவி யார் கையில்: ஒரு மரண சகாய சங்கத்தில் அதிகாரப் பங்கீடு

மலேசியாவின் கெடா மாநிலத்தின் தென்பகுதியில், செம்பனைக் காடு சூழ்ந்த ஒரு சிறு நகரில் நடந்தது இது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். சாவு வீட்டுக்கு உதவ உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்தும் மரண சகாய சங்கம் ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. அதை மறுபடி ஒன்றாக்க மூன்று பேர் முயன்றோம். ஒருவர் ஓய்வுபெற்ற தாதி, இன்னொருவர் தோட்டத் தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் உழைத்த பெரியவர், மூன்றாமவன் நான். இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன். உள்நாட்டுப் போர்கள் எப்படி முடிகின்றன, முடிந்தவை ஏன் மறுபடி மூள்கின்றன என்று பல காலமாகப் படித்து வருகிறேன். 2009 மே மாதம் இலங்கையில் நடந்ததற்குப் பிறகு அந்தப் படிப்பை என்னால் விட முடியவில்லை.

ஊர்ச் சங்கத்துச் சண்டையையும் நாட்டுப் போரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. அங்கே போனது உயிர்கள். ஆனால் “அவன் கையில் கொடுத்தால் என்னை ஒழித்துவிடுவான்” என்ற பயம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. அந்தப் பயத்தை எதிர்கொள்ள உலகம் செய்து பார்த்த வழிகளில் ஒன்று அதிகாரப் பங்கீடு. அதை நாங்கள் எப்படிச் செய்தோம், எங்கே தவறினோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

பின்னணி

தோட்டத்தில் இரண்டு டிவிஷன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பழைய டிவிஷன், அந்தப் பக்கம் புது டிவிஷன். பெரட்டு (காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பது) வேறு, கோயில் வேறு, மரண சகாய நிதியும் வேறு. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு ஆள் தேவை குறைந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின. பெரும்பாலான குடும்பங்கள் நகரை ஒட்டிய தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிபெயர்ந்தன. வேறு தோட்டங்களில் இருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. இரண்டு நிதியையும் இணைத்து ஒரே சங்கமாகப் பதிந்தார்கள். ஒரு சவ வண்டி, மூன்று கூடாரம், நாற்காலி, மேசை, பெரிய அண்டாக்கள், வங்கியில் கொஞ்சம் பணம். சந்தா மாதம் 5 ரிங்கிட்.

எண்ணிக்கையில் பழைய டிவிஷன்காரர்கள் கூடுதல். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பல ஆண்டுகளாக அவர்கள் பக்கத்து ஆட்களே. அவர்கள் பணத்தைத் தின்றார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கைப் பார்த்தேன், பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கேட்டவர்களுக்குக் கணக்கைக் காட்டவுமில்லை.

ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புது டிவிஷன்காரர்கள் உறுப்பினர் பட்டியலைக் கேட்டார்கள். இறந்தவர்கள் பெயர் ஓட்டுப் பட்டியலில் இருக்கிறது, ஒழுங்காகச் சந்தா கட்டுகிறவர்கள் பெயர் இல்லை என்றார்கள். கூட்டம் அடிதடி வரைக்கும் போய்க் கலைந்தது. அடுத்த மாதமே இரண்டு செயலவை, இரண்டு ரசீதுப் புத்தகம். கையெழுத்து யாருடையது என்ற சிக்கலில் வங்கிக் கணக்கு முடங்கியது. சாமான் அறைக் கதவில் ஏற்கெனவே ஒரு பூட்டு இருந்தது. அதற்கு மேலே இன்னொன்று தொங்கியது.

அந்த இரவு

புது டிவிஷனைச் சேர்ந்த ஓர் அம்மா இறந்தார். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். நல்ல மழை. வீடு தாமானின் கடைசி வரிசையில் இருந்தது. முன்வாசல் இரண்டு பேர் நிற்கும் அளவுதான். மகன் இரவு பத்து மணிக்குக் கூடாரம் கேட்டுப் போனார். ஒரு பூட்டின் சாவி கிடைத்தது. இன்னொரு சாவி வைத்திருந்தவர், “எங்கள் செயலவையில் ரசீது போட்டீர்களா?” என்று கேட்டிருக்கிறார். அவர் கெட்டவர் அல்லர். தன் பக்கத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அப்படிக் கேட்டுவிட்டதாகப் பின்பு என்னிடம் அழுதார்.

நான் போய்ச் சேர்ந்தபோது செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் தார்ப்பாயைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. ஒரு பையன் துடைப்பக் கட்டையால் அதை அடியிலிருந்து தூக்கித் தூக்கித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தான். விடியும் வரை அவன் கட்டையைக் கீழே வைக்கவில்லை. இறந்தவரின் பேரன் என்று மறுநாள் தெரிந்தது.

இடுகாட்டுப் பாதையில் இளைஞர்கள் மோதிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் போலீஸ் புகார். அந்த வாரமே இரு தரப்பிலிருந்தும், ஒருவருக்கொருவர் தெரியாமல், எங்களைத் தேடி வந்தார்கள்.

வீடு வீடாகப் போனபோது தெரிந்தது

மூன்று வாரம் வீடுகளுக்குப் போனோம். வெளியே எல்லாரும் பேசியது பதவி. “எங்களுக்கும் தலைவர் பதவி வேண்டும்”, “பெரும்பான்மை நாங்கள், ஏன் கொடுக்க வேண்டும்?” சமையலறை வரை போய் உட்கார்ந்த பிறகுதான் வேறு பேச்சு வந்தது. புது டிவிஷன் மூதாட்டி ஒருவர் பிஸ்கட் டின்னைத் திறந்து, முப்பது ஆண்டுச் சந்தா ரசீதுகளை ரப்பர் பட்டையில் கட்டி வைத்திருந்ததைக் காட்டினார். “பேரேட்டில் என் பேரை அடிச்சிட்டா நான் செத்தா யாரு வருவா, சார்?” என்றார். பழைய டிவிஷன்காரர் ஒருவரும் ஏறக்குறைய அதையே சொன்னார்: பேரேடு அவர்கள் கைக்குப் போனால் எங்கள் பக்கத்து நிலுவைக்காரர்களை எல்லாம் வெட்டிவிடுவார்கள்.

போரை முடிக்கும் பேச்சுகள் எங்கே முறிகின்றன என்று ஆராய்ந்த பார்பரா வால்டர் சொல்வது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லாததால் மட்டும் பேச்சு முறிவதில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகு எதிராளி வாக்கைக் காப்பானா என்ற பயம்தான் முறிக்கிறது. அந்த இடைவெளியில் இரு தரப்பும் நம்பும் மூன்றாம் ஆள் ஒருவர் காவல் நின்றால் உடன்பாடு பிழைக்க வாய்ப்பு உண்டு. எங்கள் ஊரில் ஆயுதமாக இருந்தவை மூன்று: சாமான் அறைச் சாவி, வண்டிச் சாவி, உறுப்பினர் பேரேடு.

“ஓட்டுப் போட்டு முடிங்க” என்றார்கள் பலர். நாங்கள் உடனே ஒப்பவில்லை. அங்கோலாவில் 1991இல் பிசெஸ் ஒப்பந்தம் போட்டு, இரு படைகளும் முழுதாகக் கலையும் முன்பே 1992 செப்டம்பரில் தேர்தல் வைத்தார்கள். வென்றவருக்கு எல்லாம், தோற்றவருக்கு ஒன்றுமில்லை என்ற நிலை. தோற்ற கிளர்ச்சித் தலைவர் சவிம்பி காட்டுக்குத் திரும்பினார். போர் 2002 வரை நீண்டது. பட்டியலே சண்டையில் இருக்கும்போது ஓட்டு வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் சாவி. பதவிப் பேச்சுக்கு முன்பே இதை முடிக்க வேண்டும் என்று தாதி அம்மா பிடிவாதமாக நின்றார். சாவியை யாரிடம் கொடுப்பது? கோயில் ஆள் வேண்டாம், கட்சி ஆள் வேண்டாம். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவரைக் கேட்கலாம் என்று இரு தரப்பும் சொன்னார்கள். இரண்டு டிவிஷனுக்கும் கடனுக்கு அரிசி கொடுத்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். தவுக்கே (கடை முதலாளியை அப்படித்தான் அழைப்போம்) முதலில் மறுத்தார். பிறகு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டார்: தேதி, நேரம், சாமான், வாங்கியவர் கையெழுத்து. ரசீது கேட்கமாட்டேன், செத்தவர் வீடு எது என்று மட்டும் கேட்பேன் என்றார்.

இந்தோனேசியாவிலிருந்து பிரியப் போராடிய ஆச்சே மாநிலம் எனக்கு வழிகாட்டியது இங்கேதான். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில், மார்ட்டி அத்திசாரி நடுவராக இருந்து உடன்பாடு ஆனது. விடுதலை இயக்கம் 840 ஆயுதங்களை நான்கு கட்டமாக ஒப்படைத்தது. அதே நான்கு கட்டங்களில் இந்தோனேசியா வெளியூர்ப் படையை விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு மலேசியா உட்பட ஐந்து ஆசியான் நாடுகளும் கண்காணிக்க ஆள் அனுப்பின. ஒருவர் ஓர் அடி வைத்தால் மற்றவரும் ஓர் அடி. அதனால் இரு பூட்டையும் ஒரே நேரத்தில், எல்லார் கண் முன்னாலும் கழற்றச் செய்தோம்.

அடுத்து பதவி. செயலவையில் எட்டு இடம், டிவிஷனுக்கு நான்கு. தலைவர் பதவி ஆண்டுக்கு ஒருமுறை மாறும். தலைவர் ஒரு பக்கம் என்றால் செயலாளர் மறுபக்கம். பொருளாளர் இருவர், 500 ரிங்கிட்டுக்கு மேல் எந்தச் செலவுக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும். இந்த ஏற்பாடு இரண்டு ஆண்டுக்கு மட்டும், அதன் பிறகு வழக்கமான தேர்தல். இந்தக் கால வரம்பைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து எடுத்தேன். 1993 இடைக்கால அரசியலமைப்பில் நூற்றுக்கு ஐந்து இடமாவது பெற்ற கட்சிக்கெல்லாம் அமைச்சரவையில் பங்கு உண்டு. ஆனால் அது ஐந்தாண்டு ஏற்பாடு. வெள்ளையர் ஆட்சிக் கட்சி 1996இலேயே விலகியும் போர் மூளவில்லை.

இதைப் பேசிய கூட்டத்தில் யாழ்ப்பாண வழிவந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “1987 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும். சண்டை போட்டவன் கையெழுத்து அதில் எங்கே?” என்றார். அறை அமைதியாயிற்று. அவர் சொன்னது சரி. அதன்படி வந்த 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை அமைத்தது. காணி, போலீஸ் அதிகாரம் காகிதத்தோடு நின்றது. வடக்கு கிழக்கு இணைப்பை 2006இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அவர் பேச்சைக் கேட்ட பிறகு, உடன்பாட்டில் தலைவர்கள் மட்டுமின்றி இடுகாட்டுப் பாதையில் மோதிய இளைஞர்கள் நால்வரும் கையெழுத்திட வேண்டும் என்று மாற்றினோம். மூவர் போட்டார்கள். ஒருவர் போடவில்லை.

நான்காவது முடிவு பேரேட்டைப் பற்றியது. அதைத் தொட்டால் எல்லாம் உடையும் என்று பயந்து ஓராண்டு தள்ளிப்போட்டோம். அந்தப் பயம் பெரும்பாலும் என்னுடையது.

முதல் ஆண்டு

கையெழுத்தான ஒன்பதாம் நாள் பழைய டிவிஷனில் ஒரு சாவு. இரவு பதினொன்றுக்குத் தவுக்கே கடையின் இரும்புக் கதவைத் தட்டினார்கள். உள்ளாடையோடு வந்து சாவி கொடுத்தார். கூடாரம் தூக்க வந்தவர்களில் இருவர் புது டிவிஷன் பையன்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஆனால் கூடாரக் காலை நால்வராகத்தான் பிடிக்க முடியும், பிடித்தார்கள். அந்த ஆண்டில் எந்த வீட்டுச் சாவும் கூடாரமின்றி நிற்கவில்லை.

ஆறாம் மாதம் வண்டியின் கியர் பெட்டி போனது. பழுது பார்க்க ஒரு பொருளாளர் கையெழுத்திட்டார். மற்றவர், பழைய வண்டிக்குச் செலவழிப்பதைவிடப் புதிது வாங்கலாம் என்று மறுத்தார். உண்மையில் அவருக்கு வேறொரு கோபம்: தலைவரைக் கோயில் விழாவில் மேடைக்கு அழைத்தார்கள், அவரை அழைக்கவில்லை. வண்டி நான்கு மாதம் பட்டறையில் நின்றது. வாடகை வண்டிக்கு இரண்டு குடும்பங்கள் தங்கள் கைக்காசைக் கொடுத்தன. இரட்டைக் கையெழுத்து என்ற காப்பு இப்படிப் போய் நின்றது.

வட அயர்லாந்தில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். நீண்ட மோதலை முடித்த 1998 உடன்பாட்டின்படி, ஆளுக்கொரு தரப்பிலிருந்து வரும் முதலமைச்சருக்கும் துணை முதலமைச்சருக்கும் சம அதிகாரம். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போகும். 2017இல் ஒரு பக்கம் விலகியது, மூன்றாண்டு ஆட்சி இல்லை. 2022இல் மறுபக்கம் மறுத்தது, மேலும் இரண்டாண்டு. ஆனால் தெருக்களில் பழைய போர் திரும்பவில்லை. இதை நினைக்காமல், ஒருவர் மறுத்தாலே எல்லாம் நிற்கும் இந்தத் தடையுரிமையை மட்டும் திட்டுவது நியாயமாகாது.

விடுபட்டவர்கள்

வேறு தோட்டங்களில் இருந்து வந்து தாமானில் குடியேறிய குடும்பங்களை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்கள் சந்தா கட்டினார்கள். எந்த டிவிஷனும் அல்லர். எட்டு இடத்தில் ஒன்றும் அவர்களுக்கு இல்லை. பத்தாம் மாதம் அவர்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, பசியாறச் சொல்லியும் உட்காராமல், “சார், நாங்க சண்டை போட்டிருந்தா எங்களுக்கும் நாலு சீட் கொடுத்திருப்பீங்களா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாடம். கொலம்பியாவில் லிபரல், கன்சர்வேடிவ் கட்சிகள் ஒன்றையொன்று கொன்று தீர்த்த பிறகு 1958 முதல் 1974 வரை அதிபர் பதவியை மாறி மாறி வைத்துக்கொண்டன. அந்த இரு கட்சிச் சண்டை ஓய்ந்தது. இரண்டிலும் சேராதவர்களுக்கு வாசல் அடைபட்டது. 1960களில் புதிய ஆயுதக் குழுக்கள் காட்டில் வளர்ந்தன. பங்கைச் சண்டைக்காரர்களுக்கு மட்டும் வைத்தால், சண்டை போடாமல் இருந்தவன் ஏமாளி ஆகிறான். வகுப்பில் இதைப் பலமுறை சொன்னவன் நான், என் ஊரில் மறந்தேன்.

பெண்களும் அப்படியே. சாவு வீட்டில் குளிப்பாட்டுவது, அழுகிறவர்களைத் தாங்குவது, அண்டாவில் காப்பி கலக்குவது எல்லாம் அவர்கள். எட்டுப் பேரில் ஒருவரும் பெண் இல்லை. தாதி அம்மா முதல் நாளே சொன்னார். “பிறகு பார்க்கலாம்” என்றோம். தென் பிலிப்பீன்ஸின் மிண்டனாவ் அமைதிப் பேச்சில் பல ஆண்டு நடுவராக இருந்தது நம் மலேசியா. 2014 மார்ச் 27 உடன்பாட்டில் பிலிப்பீன்ஸ் அரசின் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்டவர் மிரியம் கொரோனல் ஃபெரர் என்ற பெண். அதையும் அந்த அம்மாதான் எனக்கு நினைவூட்டினார்.

திருத்தமும் கணக்கெடுப்பும்

ஓராண்டு முடிவில் உடன்பாட்டைத் திறந்தோம். செயலவை பதினொன்றானது, புதிய மூன்று இடமும் டிவிஷன் பார்க்காமல் பொதுக்கூட்டம் தேர்ந்தெடுக்கும், அதில் இரண்டு பெண்களுக்கு. இரட்டைக் கையெழுத்து சொத்து விற்பதற்கும் உறுப்பினர் நீக்கத்துக்கும் மட்டும். மறுக்கிறவர் பதினான்கு நாளில் காரணத்தை எழுதித் தர வேண்டும்; தராவிட்டால் ஒப்பியதாகக் கொள்ளப்படும். பழைய தலைவர்கள் சிலர் இதற்கு ஓட்டளிக்கவில்லை. பத்து ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

பிறகு பேரேடு. லெபனானில் 1932க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கு எடுக்கவே இல்லை. நாடாளுமன்ற இடங்களைக் கிறிஸ்தவர் ஆறு, முஸ்லிம் ஐந்து என்ற விகிதத்தில் வைத்திருந்தார்கள். உள்நாட்டுப் போரை முடிக்க வந்த 1989 தாயிஃப் உடன்பாடு அதைச் சரிபாதியாக்கியது. ஆனால் எண்ணிப் பார்க்க யாரும் துணியவில்லை. எண்ணாத கணக்கு ஒவ்வொரு சண்டையிலும் உள்ளே கிடக்கிறது. நாங்களும் ஓராண்டு அதையே செய்திருந்தோம்.

ஒவ்வொரு டிவிஷனிலும் இருந்து ஒருவர், புதிதாக வந்தவர்களில் ஒருவர் என மூவர் மூவராக வீடு வீடாக அனுப்பினோம். ரசீது இருந்தால் பதிவு. இல்லாவிட்டால் அண்டை வீட்டார் இருவர் சாட்சி. பிஸ்கட் டின் மூதாட்டி வீட்டுக்குப் போனது, அந்த இரவு ரசீது கேட்டாரே, அவர். பட்டையை அவிழ்த்து ஒவ்வொரு தாளாகப் பார்த்து எழுதினார். அரைநாள் ஆயிற்று. கடைசித் தாளில் இருந்த கையெழுத்து அவருடைய அப்பாவுடையது. ஒரு பெயரும் அநியாயமாக வெட்டப்படவில்லை என்று மூன்று தரப்பும் கையெழுத்திட்டன. எங்கள் முயற்சி முழுவதிலும் எனக்கு மனநிறைவு தந்த வேலை இதுதான்.

இரண்டாம் ஆண்டு முடிவில்

தேர்தல் நடந்தது. பங்கீடு இல்லாத தேர்தல். தலைவராகப் பழைய டிவிஷன் ஆள், செயலாளராகப் புதிதாக வந்த குடும்பத்துப் பெண், பொருளாளராகப் புது டிவிஷன் ஆள் வந்தார்கள். ஓட்டு இன்னும் பெருமளவு டிவிஷன் பார்த்தே விழுந்தது. கலந்துவிட்டது என்று சொன்னால் பொய். போலீஸ் புகாரில் ஒன்றைத் திரும்பப் பெற்றார்கள், மற்றொன்றைப் பெறவில்லை. கையெழுத்திடாத அந்த இளைஞர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பழைய செயலாளர் சங்கத்துப் பக்கமே வருவதில்லை. அவர் மனைவி சந்தாவைத் தவறாமல் கட்டுகிறார்.

மறுபடி செய்ய நேர்ந்தால்

சாவியை முதலில் வாங்கியதை மாற்றமாட்டேன். பேரேட்டை முதல் மாதமே எடுப்பேன், உடைந்தாலும் சரி. ஓராண்டுக் காத்திருப்பு யார் பயத்தையும் குறைக்கவில்லை. வீடு வீடாகப் போகும்போது “யாரோடு சண்டை?” என்று கேட்பதோடு “யார் சந்தா கட்டுகிறார்கள்?” என்றும் கேட்பேன், அப்படிக் கேட்டிருந்தால் தாமான் குடும்பங்கள் முதல் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். தடையுரிமையை இரண்டே விஷயத்துக்குக் கொடுப்பேன். கால வரம்பு இல்லாமல் பதவிப் பங்கீடு எழுதவே மாட்டேன்.

தீராத ஒன்று இருக்கிறது. ஆச்சேயில் கண்காணிப்பாளர்கள் 2005 செப்டம்பரில் வந்து 2006 டிசம்பரில் ஊர் திரும்பினார்கள். அதற்குள் இயக்கத்து ஆட்கள் தேர்தலில் நிற்கும் நிலை வந்திருந்தது. எங்கள் சாவி இன்னும் தவுக்கேயின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, மகன் பினாங்கில் வேலை பார்க்கிறார், கடையை மூடப்போவதாகச் சொல்கிறார். சாவியைத் தேர்ந்தெடுக்கப்பட்ட செயலாளரிடமே கொடுத்துவிடலாம் என்று தாதி அம்மா சொல்கிறார். தொழிற்சங்கப் பெரியவர் இன்னும் ஒரு தேர்தல் பார்க்கலாம் என்கிறார். வரும் பொதுக்கூட்டத்தில் இதை வைக்கிறோம். மூன்றாவது நோட்டுப் புத்தகத்தில் பாதி நிறைந்திருக்கிறது.